மூன்றாவது தோட்டா எதற்கு?

கம்பத்திலிருந்து உங்கள் டீச்சர் எழுதுகிறேன். பதிவு நீளமானது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். அவனிடம் இரண்டு துப்பாக்கி இருக்கிறது. ஒன்று தாத்தா காலத்து 12 போர் ஒற்றைக்குழல், வாரிசு என்ற முறையில் வந்தது. இன்னொன்று அவனே லைசென்ஸ் வாங்கி எடுத்த .315 ரைஃபிள். "தோட்டத்துல பன்றித் தொல்லை தாங்கல. இது ரெண்டுக்கும் பொருத்தமா மூணாவதா எந்தத் தோட்டா எடுக்கலாம்?" என்று கேட்டிருந்தான். பத்து நிமிடத்தில் முப்பது பதில். ஒருத்தர் .30-06 என்கிறார். ஒருத்தர் 20 போர் என்கிறார். சென்னையில் ஏசி அறையில் இருக்கும் ஒரு மருமகப்பிள்ளை ஆப்பிரிக்காவில் யானைக்கு எடுக்கும் தோட்டா வரைக்கும் போய்விட்டார்.

நான் அன்று பதில் போடவில்லை. போட்டால் கோபமாகப் போட்டிருப்பேன். ஒரு வாரம் ஆறப்போட்டு இப்போது எழுதுகிறேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"டீச்சருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைப்பீர்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் மலையடிவாரத்தில் கடலை போட்ட குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தது நான்தான். எண்களைப் பார்த்து மிரளாத புத்தியும் உண்டு. ஆகையால் முதலில் கணக்குப் பாடம்.

12 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டையாகப் பிடித்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அந்தக் குழல் 12 போர். குறுக்களவு ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அதே ஒரு பவுண்டை 20 உருண்டையாகப் பிடித்தால் ஒவ்வொன்றும் சின்னதாகத்தானே இருக்கும்? அதனால் 20 போர் குழல் 12 போரைவிடச் சிறியது. எண் கூடினால் அளவு குறையும். ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், நாலில் ஒரு பங்கு பெரிதா எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று. அதே கணக்குதான்.

ரைஃபிள் கணக்கு வேறு. .315 என்பது அங்குலத்தில் சொல்வது. 25.4ஆல் பெருக்கினால் 8 மில்லிமீட்டர். இந்த அளவு நம் ஊரில் புழங்குவதற்கே ஒரு காரணம் உண்டு. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு .303 வைத்திருந்தான். அந்தத் தோட்டா பொதுமக்கள் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று அந்த அளவைத் தடை செய்தான். அதனால் வெளி ஆட்களுக்கு என்று வந்ததுதான் .315. மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தார்கள். .30-06 என்பதில் .30 குழலின் அளவு, 06 என்பது 1906ஆம் ஆண்டு. அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்ட வருஷம். அதாவது நம் மருமகப்பிள்ளைகள் புதுசு என்று கொண்டாடுவதற்கு வயது நூறுக்கு மேல்.

இப்போது ஒவ்வொரு யோசனையாகப் பார்ப்போம்.

20 போர் எடு என்றவருக்கு: ஐயா, வீட்டில் 12 போர் இருக்கும்போது அதே அலமாரியில் 20 போர் தோட்டாவை வைக்கச் சொல்வதைப் போல ஆபத்தான யோசனை வேறு இல்லை. 20 போர் தோட்டா சின்னது. இருட்டில் அவசரத்தில் அதை எடுத்து 12 போரில் போட்டால், அது உள்ளே வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னாலேயே 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடிக்கும். இடது கை இருக்கும் இடத்தில் வெடிக்கும். உலகம் முழுவதும் வேட்டைக்காரர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் எச்சரிக்கை இது. நீங்கள் அதையே பொருத்தம் என்கிறீர்கள்.

8 மில்லிமீட்டர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதியவருக்கு: .315ம் 8 மில்லி. ஜெர்மன் மவுசர் தோட்டாவும் 8 மில்லி. ஆனால் இதன் கூடு வேறு, அதன் கூடு வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் போடக் கூடாது. இனிஷியல் ஒன்றாக இருப்பதால் இரண்டு முருகேசனும் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா?

.30-06 எடு என்றவர்களுக்கு: பொருத்தம் என்றால் என்ன? இருப்பது செய்யாத வேலையைப் புதிதாக வருவது செய்ய வேண்டும். அண்டா இருக்கும் வீட்டில் கரண்டி வாங்கினால் பொருத்தம். .315 எந்த வேலைக்கோ, பன்றியைப் பொறுத்தவரை .30-06ம் அதே வேலைக்குத்தான். இது இன்னும் வேகமாக, இன்னும் தூரம் போகும். அவ்வளவே. ஒரு அண்டா இருக்க இன்னொரு அண்டா வாங்கச் சொல்கிறீர்கள்.

அடுத்தது சட்டம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 டிசம்பரில் திருத்தம் வந்து அது இரண்டு ஆனது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆகவே என் மருமகனுக்கு மூன்றாவது என்ற பேச்சே கிடையாது. குழுவில் முப்பது பேர் பதில் போட்டார்கள், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "தாத்தா துப்பாக்கியைக் கொடுத்துட்டு .30-06 எடுத்துக்கோ" என்றார். அந்தத் தாத்தா துப்பாக்கி பற்றிப் பிறகு வருகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவில் பயிர்ப் பாதுகாப்பு என்ற வார்த்தை வருகிறது. அங்கே சொல்லியிருப்பது என்ன தெரியுமா? வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. ஒரு வெடி வெடித்துவிட்டு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். பயிரைக் காப்பதற்குச் சட்டம் நினைத்தது சத்தத்தையும் பயத்தையும்தான். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும் தோட்டாவை அது நினைக்கவே இல்லை.

அடுத்து, பன்றியைச் சுடலாமா? லைசென்ஸ் இருப்பது துப்பாக்கி வைத்துக்கொள்ள. காட்டு விலங்கைச் சுடுவதற்கு அது அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து இதுதான் நிலைமை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு முறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நீயும் நானும் இல்லை.

"குமுளி தாண்டினா சுடலாமே அத்தே" என்று மருமகன் தனியாக எழுதியிருந்தான். கேரளத்தில் 2022ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தது உண்மைதான். அங்கேயும் அந்த உத்தரவு வந்த பிறகு, அதற்கென்று அனுமதிக்கப்பட்டவர்தான் சுட வேண்டும். இவன் இங்கிருந்து ஜீப்பில் போட்டுக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு வருவதற்கு அது வழி இல்லை. உன் லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கியை எந்த எல்லை வரை எடுத்துச் செல்லலாம் என்று எழுதியிருக்கும். முதலில் அதை எடுத்துப் படி கண்ணு.

சரி, சட்டத்தை விடுங்கள். "எல்லாரும் சட்டப்படியா நடக்குறாங்க டீச்சர்?" என்று கேட்பீர்கள். நிலத்தைப் பார்ப்போம்.

நம் பள்ளத்தாக்கு எப்படி இருக்கிறது? இரண்டு பக்கமும் மலை. நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், திராட்சைப் பந்தல், வாழை, தென்னை. நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று ஊருக்குப் பக்கத்தில் ஊர். ராத்திரி என்றால் காலியாகக் கிடக்கிறதா தோட்டம்? மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் போட முடியும். அது நள்ளிரவாகவும் இருக்கும். மடை மாற்ற ஒருவர் நிற்பார். வாழைக்குக் காவல் ஒருவர் படுத்திருப்பார். திராட்சைக்கு விடியற்காலையில் மருந்தடிக்கப் போவார்கள். பால் கறக்க இரண்டு மணிக்கே எழுந்திருப்பார்கள். .315 தோட்டா குறி தவறினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் உயிரெடுக்கும். .30-06 மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போகும். பன்றிக்குப் பின்னால் மண்மேடோ பாறையோ இல்லாவிட்டால், அந்தத் தோட்டா யாருடைய மோட்டார் ரூமில் போய் நிற்கும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது.

இப்போது தாத்தா துப்பாக்கிக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

1987. நான் வேலையில் சேர்ந்து ஐந்து வருஷம். எங்கள் கடலைக் காட்டில் பன்றி விழுந்து இரண்டு ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டது. மூன்றாம் ராத்திரி அப்பா பரணில் காவல் இருந்தார். 12 போர், எல்.ஜி. தோட்டா. அதற்குள் பெரிய ஈயக் குண்டுகள் அரை டஜன் இருக்கும். விடியும் நேரம், முகம் தெரியாத மங்கல். வரப்போரம் ஆமணக்குச் செடி அசைந்தது. அப்பா சுட்டார்.

ஆமணக்குக்குப் பின்னால் இருந்தது பன்றி இல்லை. வெளிக்குப் போக வந்த பையன். எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவரின் மகன். பத்து வயது. என் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வரிசை.

ஒரு குண்டு கைச்சதையைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு குண்டு தோளில் ஏறியது. அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார். பையன் பிழைத்தான். தோளில் ஏறியது எலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் உள்ளே இருக்கிறது.

அவன் அப்பா புகார் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் நிலத்தில்தான் அவருக்குச் சோறு. வெளியில் கேட்டவர்களுக்கு முள்வேலியில் விழுந்தான் என்று சொல்லப்பட்டது. இருபத்து மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கூடம் வந்தான். விடுப்பு விண்ணப்பம் வேண்டுமே. "காய்ச்சல் என்று எழுது" என்று சொல்லிக் கொடுத்தது நான். எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தியும் கொடுத்தேன். உண்மையே பேசு என்று கரும்பலகையில் தினமும் எழுதிப் போட்ட அதே டீச்சர்.

அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அந்தத் துப்பாக்கியைத் தூக்கவில்லை. விற்கவும் இல்லை. லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. தம்பிக்குப் போனது, இப்போது அவன் மகனிடம் இருக்கிறது. பேரனுக்கு அது தாத்தா ஞாபகம். எனக்கு அது வேறு ஞாபகம்.

அந்தப் பையனுக்கு இன்று நாற்பத்தெட்டு வயது. சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன். எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் வேண்டாம், எம் பிள்ளைகளுக்கு நான் இன்னும் சொல்லல" என்றான். மன்னிப்பு கேட்டேன். "நீங்க அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் டீச்சர்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கேயும் இல்லை.

இதை எழுதுவது என் மனப்பாரம் இறங்குவதற்காக மட்டும் இல்லை. மருமகனின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அன்றைக்குத் தவறு தோட்டாவிலா? 12 போர் சரியான துப்பாக்கிதான். எல்.ஜி. பன்றிக்கு எடுக்கும் தோட்டாதான். தூரம் முப்பது அடிக்குள். குறியும் தவறவில்லை. அசைந்த இடத்தில் சரியாகத்தான் விழுந்தது. என்ன அசைகிறது என்று பார்க்காததுதான் தவறு. அந்தக் குறையை எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவும் நிரப்பாது. அப்பா கையில் அன்று .30-06 இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இன்று கடை இல்லை, பிள்ளைகளும் இல்லை. தோட்டாவின் தூரம் கூடக் கூட, நாம் பார்க்காமல் செய்யும் தவறுக்கும் தூரம் கூடுகிறது.

ஜிம் கார்பெட்டைச் சொல்லாத வேட்டைக்காரர் கிடையாது. 1926ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் சுட்டது .275 ரிக்பியில். இன்றைய பேச்சில் அது சின்னத் தோட்டா. மாதக்கணக்கில் காலடித் தடம் பார்த்தும் மரத்தின் மேல் காத்துக்கிடந்தும் செய்த வேலை அது. தோட்டாப் பட்டியல் பார்த்துச் செய்ததில்லை. அதே மனிதர்தான் பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் கேமராவை விரும்பித் தூக்கினார்.

2023 மே 27 ஞாபகம் இருக்கிறதா? அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் ஓடிய நாள். ஊரெல்லாம் 144. காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். அன்றும் இதே குழுவில், எந்தத் தோட்டா இருந்தால் யானையை நிறுத்தலாம் என்று விவாதம் நடந்தது. வனத்துறை ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. நம் குழுவின் விவாதம் ஒரு தெருநாய்க்கும் உதவவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பாராட்டக் கிளம்பும் நகரத்து விலங்கு நேசர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள். பன்றியும் ஓர் உயிர்தானே என்று கருத்து போடும் முன், கடன் வாங்கிக் கடலை போட்டு, ஒரே ராத்திரியில் எல்லாம் போய், விடிந்ததும் வரப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தைப் பாருங்கள். என் மருமகனின் கோபம் நியாயமான கோபம். அது போகும் திசைதான் தவறு.

ஏனென்றால், கோபம் தோட்டாப் பேச்சாக மாறியதும் கேட்க வேண்டியதைக் கேட்க மறந்துவிடுகிறோம். அந்த 2025 அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்றி அதிகம் விழுவது மலையடிவாரக் காடுகளில். அந்த நிலம் எல்லாம் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள். அங்கே சுடவும் வழியில்லை. அப்படியானால் பிடிக்கத்தானே வேண்டும்? கூண்டு எத்தனை? யாரிடம் சொல்ல வேண்டும்? எத்தனை நாளில் வருவார்கள்? பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு எப்போது? தேனியில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள். மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. குழுவில் பதில் போட்ட முப்பது பேரில் மனு போட்டவர் யார்? நான் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அதுவரைக்கும் செய்ய வேண்டியதும் உண்டு. முறையான கருவி வைத்த சூரிய மின்வேலியைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போடலாம். பழைய சேலை கட்டி, டார்ச் வைத்து, ஆள் மாற்றிக் காவல் இருக்கலாம். ஆனால் வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கும் வேலையும், அவுட்டுக்காய் வைக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த பழத்தைக் கடித்த சினை யானை ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. அது யானைக்கு என்று வைத்ததா, பன்றிக்கு என்று வைத்ததா என்பதா கேள்வி? வைத்துவிட்டால் யார் வாய்க்குப் போகும் என்பது வைத்தவன் கையில் இல்லை. தோட்டாவும் அப்படித்தான்.

மருமகனே, கடைசியாக உனக்கு. மூன்றாவது வேண்டாம். தாத்தா துப்பாக்கியை மாற்றி .30-06 எடுக்கவும் வேண்டாம். ஞாபகத்துக்கு என்று நீ வைத்திருக்கும் அந்த 12 போரின் முழுக் கதையும் இப்போது உனக்குத் தெரியும். இனி அதை வைத்துக்கொள்வதும், முறைப்படி ஒப்படைப்பதும் உன் மனசு. ஒப்படைப்பதாக இருந்தால் நானும் உன்னோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு நாள் அந்தக் கடைக்கு நாம் இரண்டு பேரும் போக வேண்டும். உன் தாத்தா போயிருக்க வேண்டிய இடம். அவர் போகவில்லை. நானும் போகவில்லை. நீயாவது என்னோடு வா.

மற்றவர்கள் கருத்துப் பகுதியில் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கம்பம்